04/03 என்றால் எந்த மாதம்?

கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட எனக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. ஒருநாள் காலை மேசையில் மூன்று தாள்கள் கிடந்தன. ஒன்று அரச அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். மேல் மூலையில் 2025.03.04 என்று போட்டிருந்தது. இரண்டாவது வங்கியில் காசு போட்ட துண்டு. அதில் 04/03/2025. மூன்றாவது அமெரிக்காவிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் மின்னஞ்சலில் அனுப்பிய தாள். அதில் 03/04/2025. தாள்களின் சொந்தக்காரர்கள் மூன்று பேர், நாள் ஒன்றுதான்: 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை.

அந்த அமெரிக்கத் தாளில் இருந்தது விண்ணப்பம் அனுப்ப வேண்டிய கடைசித் திகதி. கொண்டுவந்த தங்கச்சிக்கு ஊர் பாண்டிருப்பு. "ஏப்ரல் மூன்றுதானே அண்ணா, இன்னும் ஒரு மாசம் கிடக்கு" என்று தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். "இது அமெரிக்காக்காரன் எழுதினது தங்கச்சி. அவன் மாதத்தைத்தான் முதல்ல எழுதுவான். கடைசி நாள் இண்டைக்குத்தான்" என்றேன். முகம் வெளிறிப் போய்விட்டது. நல்ல வேளை, கல்முனையில் காலை பத்து மணியென்றால் நியூயோர்க்கில் அப்போது முதல்நாள் இரவு பதினொன்றரை. அந்தப் பத்தரை மணித்தியாலம்தான் அவருக்குக் கைகொடுத்தது. மத்தியானச் சாப்பாடு இல்லாமல் இருந்து அனுப்பி முடித்தோம்.

ஆங்கிலத்தில் திகதி எழுதுவதைப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பிலேயே படிப்பித்து விடுகிறார்கள். ஆனால் ஆங்கிலம் எழுதுகிற எல்லா நாடுகளும் ஒரே மாதிரி எழுதுவதில்லை என்பதை நான் படித்த காலத்தில் யாரும் சொல்லவில்லை. எண்களால் மட்டும் எழுதிய திகதிக்குத் தனியாக ஓர் அர்த்தம் கிடையாது. எழுதியவர் எந்த நாட்டுப் பழக்கக்காரர் என்று தெரிந்த பிறகுதான் அது திகதி. அதுவரைக்கும் அது இடையில் கோடு போட்ட மூன்று எண்.

நாம் தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்று முதலில் பார்ப்போம். ஆண்டு, பிறகு மாதம், கடைசியில் நாள். பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்குகிறோம். சிங்களத்திலும் இதே வரிசைதான். அதனால்தான் நம் அரசாங்கக் கடிதங்களில் 2025.03.04 என்று ஆண்டு முன்னால் நிற்கிறது. பிரித்தானிய ஆங்கிலம் இதை அப்படியே தலைகீழாக்கி, நாளில் தொடங்கி மாதம் ஏறி ஆண்டில் போய் நிற்கும். ஏணியில் நாம் இறங்குகிறோம், அவர்கள் ஏறுகிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்கர் நடுப்படியில் காலை வைத்து, ஒரு படி இறங்கி, பிறகு உச்சிக்குத் தாவுகிறார்கள்: மாதம், நாள், ஆண்டு.

இதைக் கேட்டதும் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அது அவ்வளவு கிறுக்குத்தனமாகத் தெரியவில்லை. அமெரிக்கர் வாயால் சொல்வதே "மார்ச் ஃபோர்த்" என்றுதான். சொல்கிற வரிசையிலேயே எண்ணையும் போடுகிறார்கள். நேற்று வந்த பழக்கமும் இல்லை. அவர்களுடைய சுதந்திரப் பிரகடனத்தின் தலைப்பிலேயே ஜூலை 4, 1776 என்று மாதம் முன்னால்தான் இருக்கிறது.

எழுதுவது ஒன்று, வாசிப்பது இன்னொன்று

மாதத்தை எழுத்தில் எழுதினால் எந்த வரிசையும் யாருக்கும் விளங்கும். பிரித்தானிய முறையில் 4 மார்ச் 2025. இடையில் காற்புள்ளி எதுவும் தேவையில்லை. அமெரிக்க முறையில் மார்ச் 4, 2025. இங்கே நாளுக்கும் ஆண்டுக்கும் நடுவில் காற்புள்ளி கட்டாயம், இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. திகதி ஒரு வசனத்தின் நடுவில் வந்தால் ஆண்டுக்குப் பின்னாலும் ஒரு காற்புள்ளி போடுவது அமெரிக்க இலக்கணம். பிரித்தானியரைப் பார்த்துப் படித்த நாம் அதை மறந்துவிடுவோம். மறந்தாலும் குடி முழுகிப் போகாது.

வாசிக்கும்போதுதான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். தாளில் 4 மார்ச் என்று இருந்தால் "ஃபோர் மார்ச்" என்று வாசிக்கிறார்கள். ஆங்கிலத்தில் நாளை வாயால் சொல்லும்போது வெறும் எண்ணாகச் சொல்வதில்லை, வரிசை எண்ணாகச் சொல்ல வேண்டும். தமிழிலும் அப்படித்தானே? "நாலு திகதி" என்று யாராவது சொல்வார்களா? "நாலாம் திகதி" என்றுதான் சொல்கிறோம். அந்த "ஆம்"தான் ஆங்கிலத்திலும் வேண்டும். ஆகவே பிரித்தானிய முறையில் "த ஃபோர்த் ஒஃப் மார்ச்". எழுத்தில் இல்லாத "த", "ஒஃப்" இரண்டும் வாயில் வந்து சேர்ந்துகொள்ளும். மாதத்தை முன்னால் சொன்னாலும் பிரித்தானியர் "மார்ச் த ஃபோர்த்" என்று "த"வை விடமாட்டார்கள். அமெரிக்கர் அதையும் விட்டுவிட்டு "மார்ச் ஃபோர்த்" என்று முடித்துவிடுவார்கள். ஒரு நாளுக்கு மட்டும் அவர்கள் மாறிச் சொல்வதுண்டு: தங்கள் சுதந்திர தினத்தை "ஃபோர்த் ஒஃப் ஜூலை" என்கிறார்கள்.

தமிழில் எல்லா எண்ணுக்கும் ஒரே "ஆம்" போதும். ஆங்கிலத்தில் எண்ணுக்குப் பின்னால் ஒட்டுகிற வால் மாறும். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்ற சொற்களின் கடைசி இரண்டு எழுத்துகள்தான் அந்த வால். ஆகவே 1, 21, 31 மூன்றுக்கும் எஸ்.டி., 2, 22 இரண்டுக்கும் என்.டி., 3, 23 இரண்டுக்கும் ஆர்.டி. மிச்ச எல்லாவற்றுக்கும் டி.எச். பிள்ளைகள் பிழைவிடுகிற இடம் 11, 12, 13. ஒன்றில் முடிகிறதே என்று 11க்கு எஸ்.டி. போட்டுவிடுவார்கள். சொல்லிப் பார்த்தால் பிடிபட்டுவிடும்: இலெவந்த், ட்வெல்ஃப்த், தேர்ட்டீன்த். மூன்றும் "த்" என்று முடிவதால் டி.எச்.தான்.

தொலைபேசியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 13ஆம் திகதியும் 30ஆம் திகதியும் ஆங்கிலத்தில் கேட்கும்போது அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 13க்குப் பின்பாதி நீண்டு அழுத்தமாக வரும், தேர்ட்டீன்த். 30க்கு முன்பாதியில் அழுத்தம், தேர்ட்டியத். விளங்காவிட்டால் "ஒன்று மூன்றா, மூன்று பூச்சியமா?" என்று இலக்கம் இலக்கமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை, ஆங்கிலேயர்களே அப்படிக் கேட்டுக்கொள்கிறார்கள்.

நம் பக்கத்தில் மாதத்தையும் எண்ணால் சொல்கிற பழக்கம் இருக்கிறது. "மகளுக்குக் கலியாணம் மூன்றாம் மாசம் நாலாந் திகதி" என்போம். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் பேசப் போனால் "தேர்ட் மன்த்" என்று வந்துவிடும். ஆங்கிலத்தில் மாதத்தைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மறுபக்கம், மார்ச்சைப் பங்குனி என்றும் ஜூலையை ஆடி என்றும் எழுதுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். வீட்டுக்குள் அது சரி. ஆனால் பஞ்சாங்கத்து ஆடி ஜூலை நடுவில்தான் பிறக்கும். மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் ஓகஸ்டில் வருகிற வருசங்களும் உண்டு. விண்ணப்பப் படிவத்துக்கு அந்தப் பெயர்கள் சரிவராது.

ஆண்டைச் சொல்வது லேசு. நான்கு இலக்கத்தை நடுவில் பிளந்து இரண்டு இரண்டாகச் சொன்னால் போதும். 1985 என்றால் நைன்டீன் எய்ட்டி ஃபைவ். 1905க்கு நடுவில் ஓர் "ஓ" வரும், நைன்டீன் ஓ ஃபைவ். 2000 முதல் 2009 வரை மட்டும் இந்தப் பிளப்பு அவ்வளவாக வழங்குவதில்லை. 2004ஐப் பிரித்தானியர் டூ தௌசன்ட் அன்ட் ஃபோர் என்பார்கள், அமெரிக்கர் பெரும்பாலும் அந்த "அன்ட்"டை விழுங்கிவிடுவார்கள். 2010க்குப் பிறகு பழையபடி ட்வென்டி டென், ட்வென்டி ட்வென்டி ஃபைவ்.

ஓன் போடுவதா, இன் போடுவதா?

இதற்கு இலக்கணப் புத்தகம் ஒரு பக்கம் விளக்கம் தரும். கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிற வழி தமிழிலேயே இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் "அன்று" போட்டுப் பாருங்கள். மார்ச் 4 அன்று, வெள்ளிக்கிழமை அன்று, பிறந்தநாள் அன்று என்று பொருந்தினால் ஆங்கிலத்தில் ஓன். "மார்ச் மாதம் அன்று", "2025 அன்று" என்று யாரும் பேசமாட்டார்கள், மார்ச்சில், 2025இல் என்றுதான் வரும். அப்படியென்றால் இன். காலையில் என்பதற்கு இன். ஆனால் மார்ச் 4 அன்று காலை என்றால் "அன்று" வந்துவிட்டது, ஓன்தான். இதை ஓர் ஆங்கில ஆசிரியரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரவுக்கு இது வேலை செய்யாது என்றார். உண்மைதான். இரவுக்கு எட். அதை மட்டும் தனியாகப் பாடமாக்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பங்களில் அடிக்கடி வருகிற இன்னொரு சொல் பை. "பை 4 மார்ச்" என்றால் 4ஆம் திகதிக்குள். அந்த நாளும் அதில் அடக்கம். ஆனாலும் 3ஆம் திகதியே அனுப்பிவிடுவது புத்தி.

குழப்பம் தரும் 132 நாட்கள்

எல்லாத் திகதியும் குழப்பம் தராது. 2004 சுனாமி வந்த நாளை எண்ணில் எழுதுங்கள்: 26/12. நாவலடியில் காட்டினாலும், மருதமுனையில் காட்டினாலும், நியூயோர்க்கில் கொண்டுபோய்க் காட்டினாலும் அது டிசம்பர் 26தான், ஏனென்றால் 26ஆம் மாதம் என்று ஒன்று கிடையாது. எண்களில் ஒன்று 12ஐத் தாண்டிவிட்டால் எது நாள், எது மாதம் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் 12க்குள் இருந்தால்தான் வில்லங்கம். 12 மாதத்தில் 12 நாட்கள், மொத்தம் 144. அதில் 1/1, 2/2 போன்ற 12 நாட்களை எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். மீதி 132. வருசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் தொண்டு நிறுவனக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அப்போது எனக்குக் கடை இல்லை. அப்படி ஒரு நிறுவனத்துக்கு மொழிபெயர்ப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் பொறுப்பாளர் அமெரிக்கர். பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு அவர் 03/04/2005 என்று திகதி போட்டு அனுப்பினார். நான் அதை ஏப்ரல் 3 என்று தமிழாக்கி நான்கு கிராமங்களுக்கு அறிவித்தல் கொடுத்தேன். மார்ச் 4 காலையில் அவர் சாப்பாட்டுப் பார்சல்கள் சகிதம் மண்டபத்தில் போய் நின்றார். ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டார். நான் கடிதத்தைக் காட்டினேன், அவரும் அதே கடிதத்தைக் காட்டினார். இரண்டு பேரிலும் பிழை இல்லை. பார்சல்களைக் கொண்டுபோய்ப் பக்கத்து முகாமில் கொடுத்தோம்.

பிறகு யோசித்தபோது, நான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. 2005 ஏப்ரல் 3 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. மார்ச் 4 வெள்ளி. கடிதத்தில் கிழமையையும் ஒரு சொல்லில் போட்டிருந்தால் அன்று அத்தனை பார்சல் வீணாய் அலைந்திருக்காது. அன்றிலிருந்து யாருக்குத் திகதி எழுதினாலும் பக்கத்தில் கிழமையைப் போடாமல் விடுவதில்லை. நாளும் கிழமையும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பிழை என்று உடனே பிடித்துவிடலாம்.

ஒரு நாளின் பெயராகவே எண் நிலைத்துப் போவதும் உண்டு. நைன் இலெவன் என்றால் 2001 செப்டம்பர் 11. பிரித்தானிய முறையில் வாசித்தால் அது நவம்பர் 9, 1989இல் பேர்லின் சுவர் விழுந்த நாள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை, அது நடந்தது மட்டக்களப்பிலும் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் என்றாலும், நம் நாட்டில் ஆங்கிலத்தில் எழுதுகிற சிலர் அமெரிக்கப் பாணியில் 4/21 என்று எழுதுகிறார்கள்.

உறவுக்காரர் இருக்கிற நாடுகள்

லண்டன், மெல்பேர்ண், ஓக்லாந்து, சென்னை எல்லாம் நாள்-மாதம்-ஆண்டு. கட்டாரிலும் துபாயிலும் ஆங்கிலத்தில் எழுதும்போது அப்படித்தான். இங்கிருந்து போகிறவர்களுக்கு அங்கே புதிதாகப் படிக்க ஒன்றும் இல்லை. ஒரே வேறுபாடு, நாம் "திகதி" என்பதைச் சென்னைக்காரர் "தேதி" என்பார்கள். சவூதியில் மட்டும் கவனமாயிருக்க வேண்டும். அங்கே ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய நாட்காட்டித் திகதியும் புழக்கத்தில் இருக்கிறது. இக்காமா, அதாவது வதிவிட அனுமதி, முடிகிற ஆண்டு 1447 என்று இருந்தால் பயப்படாமல் அது எந்த நாட்காட்டி என்று முதலில் பாருங்கள். சுவிஸ்காரர் நாளை முன்னால் வைத்து, கோட்டுக்குப் பதில் புள்ளி போடுவார்கள்: 04.03.2025. நம் கந்தோர்களும் புள்ளிதான் போடுகின்றன, ஆனால் ஆண்டை முன்னால் வைத்து. புள்ளியை வைத்து வரிசையைச் சொல்ல முடியாது.

கனடாதான் பெரிய கூத்து. பக்கத்தில் அமெரிக்கா, பழைய உறவு பிரித்தானியா, உள்ளே பிரெஞ்சு பேசுகிற மாகாணம். மூன்று பழக்கமும் ஒரே நாட்டில் ஓடுகின்றன. அரசாங்கம் எண்ணில் எழுதுவதென்றால் 2025-03-04 என்று ஆண்டை முன்னால் வைக்கச் சொல்கிறது, குடிவரவுப் படிவங்களிலும் அதுதான். ஆனால் கடைக்காரரும் பல் வைத்தியரும் தங்களுக்குப் பழகிய மாதிரி எழுதுகிறார்கள்.

பெரியநீலாவணையிலிருந்து ஓர் அக்கா பிஸ்கட் பெட்டியோடு கடைக்கு வந்தார். டொரன்டோவிலுள்ள மகன் அனுப்பியது. பெட்டியின் பக்கவாட்டில் 26, பிறகு எம்.ஏ. என்று இரண்டு எழுத்து, பிறகு 04. "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க. இருபத்தாறாம் திகதி மார்ச், ரெண்டாயிரத்து நாலு. சுனாமி வந்த வருசத்துப் பிஸ்கட்டையா இவன் எனக்கு அனுப்பியிருக்கான்?" பிஸ்கட் புதிதாக மொறுமொறுவென்று இருந்தது. கனடாவில் உணவுப் பெட்டிகளில் ஆண்டு முதலில், நடுவில் மாதம், கடைசியில் நாள். மாதத்தை ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பொதுவான இரண்டே எழுத்தில் எழுதுவார்கள். மார்ச்சுக்கு எம்.ஆர்., மே மாதத்துக்கு எம்.ஏ., ஏப்ரலுக்கு ஏ.எல்., ஜூனுக்கு ஜே.என்., ஜூலைக்கு ஜே.எல். ஆகவே அது 2026 மே 4. அக்கா பெட்டியைத் திறந்து எனக்கும் இரண்டு தந்தார். இந்த இரண்டெழுத்துப் பட்டியலை இப்போது அவர் தன் தெருவில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதுவதால் வருகிற வினைதான் இது. 05.06.07 என்று ஒரு டின்னின் அடியில் இருந்தால் அது 2007 ஜூன் 5ஆகவும் இருக்கலாம், 2007 மே 6ஆகவும் இருக்கலாம், 2005 ஜூன் 7ஆகவும் இருக்கலாம். இன்னும் இரண்டு இலக்கம் போட எவ்வளவு மை செலவாகிவிடும்?

கொம்பியூட்டர் என்ன நினைக்கிறது

கொம்பியூட்டருக்கும் ஒரு நாடு உண்டு. வாங்கி வந்த நாளிலிருந்து யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் பல இயந்திரங்கள் தங்களை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். ஒரு முறை விளையாட்டுக் கழகம் ஒன்றுக்காக 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயரையும் பிறந்த திகதியையும் எக்செலில் தட்டிக் கொடுத்தேன். நான் 05/11/2010 என்று நவம்பர் 5ஐத் தட்ட, அது மே 11 என்று உள்ளே எழுதிக்கொண்டது. திரையில் நான் தட்டியபடியே தெரிந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வயதைக் கணக்கிட்டபோது சில பிள்ளைகள் ஆறு மாதம் மூப்பாகிவிட்டார்கள். போட்டிக்கு முதல்நாள் இரவு முழுக்க இருந்து திருத்தினேன். குற்றம் என்னுடையதுதான்.

அதிலிருந்து படித்த ஒரு தந்திரம் சொல்கிறேன். எக்செல் ஓர் எண்ணைத் திகதியாக ஏற்றுக்கொண்டால் அது பெட்டியின் வலது ஓரத்தில் நிற்கும். விளங்காவிட்டால் வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு இடது ஓரத்தில் ஒட்டும். 25/03/2010 என்று தட்டிப் பாருங்கள். இடதுபக்கம் போய் ஒட்டினால் உங்கள் இயந்திரம் அமெரிக்கப் பழக்கத்தில் இருக்கிறது, 25ஆம் மாதத்தைத் தேடிக் களைத்துப் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு பத்தியில் சிலது இடமும் சிலது வலமும் நின்றால் வலதுபக்கம் நிற்பவைதான் ஆபத்து. அவைதான் சத்தமில்லாமல் மாறியவை. பிராந்திய அமைப்பை இலங்கை என்றோ பிரித்தானியா என்றோ மாற்றிவிட்டுத் திரும்பத் தட்டுவதே நல்லது.

கொம்பியூட்டருக்குப் பிடித்த வரிசை நம்முடையது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. சர்வதேச நியமம் ஒன்று 1988இல் வந்தது, ஐ.எஸ்.ஓ. 8601 என்று பெயர். 2025-03-04 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் சின்னக் கோடு போட்டு எழுதச் சொல்கிறது. ஆவணங்களுக்கு இப்படிப் பெயர் வைத்தால் அவை தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். போனில் எடுத்த படங்களின் பெயரைத் திறந்து பாருங்கள், பல போன்களில் 20250304 என்றுதான் தொடங்கும். கடவுச்சீட்டில் படமுள்ள பக்கத்தின் அடியில் இயந்திரம் வாசிக்க இரண்டு வரி இருக்கும் அல்லவா, அதில் இரண்டாவது வரியில் எல்.கே.ஏ. என்ற மூன்று எழுத்துக்கு அடுத்து வருகிற ஆறு இலக்கங்கள் பிறந்த திகதிதான். 1992 மார்ச் 4இல் பிறந்தவருக்கு 920304.

நம் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளும் ஒரு திகதி ஒளிந்திருக்கிறது. மாதமே இல்லாத திகதி! பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். ஆகவே 92564 என்று தொடங்கினால் 1992இல் 64ஆம் நாள் பிறந்த பெண். ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29, மிச்சம் 4, அதாவது மார்ச் 4. லீப் வருசமோ இல்லையோ, பெப்ரவரிக்கு 29தான் கணக்கு. பன்னிரண்டு இலக்கப் புது அட்டைகளில் ஆண்டு நான்கு இலக்கமாக இருக்கும், மற்றது அதே மாதிரி. நேரம் கிடைத்தால் உங்கள் அட்டையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். என் கடையில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு.

படிவப் பெட்டிகளில் என்ன செய்வது? முதலில் பெட்டிகளுக்கு மேலே அல்லது கீழே இருக்கிற சின்ன எழுத்துகளைப் பாருங்கள். டி என்பது நாள், எம் என்பது மாதம், வை என்பது ஆண்டு. டி.டி. முன்னால் நின்றால் பிரித்தானிய வரிசை, எம்.எம். முன்னால் நின்றால் அமெரிக்க வரிசை, நான்கு வை முன்னால் நின்றால் நம் வரிசை. மூன்று எம் இருந்தால் மாதத்தை எழுத்தில், மூன்றெழுத்துச் சுருக்கமாக எழுதச் சொல்கிறார்கள். விமான டிக்கெட்டில் நாளுக்குப் பின்னால் மாதத்தின் மூன்று எழுத்து இருப்பதைக் கண்டிருப்பீர்கள். விமானத்தைத் தவறவிட்டால் காசு போய்விடும் என்பதால் அவர்கள் எண்ணை நம்புவதில்லை. அமெரிக்கரே கூட வெளிநாட்டாரோடு புழங்கும் இடங்களில் இறங்கி வருகிறார்கள். அவர்களுடைய கடவுச்சீட்டிலும் ஒன்லைன் விசாப் படிவத்திலும் நாள் முன்னால், மாதம் எழுத்தில்.

இதையெல்லாம் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்ல முடியாது என்பதால் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன்: "திகதி எழுதும்போது மாதத்தை எழுத்தில் எழுதவும், ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதவும்." போன கிழமை மருதமுனையிலிருந்து வந்த ஒரு காக்கா, போட்டோகொப்பி முடியும்வரைக்கும் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. இதை எப்ப ஒட்டினீங்க?"

தாளின் அடியில், என் கையெழுத்துக்குக் கீழே, நானே போட்டிருந்தது 05.06.24.